உணவு மேசையில் பரப்பிய நிறமூர்த்தங்கள்: ஜெனட் ரௌலியும் ஒரு குளிசையின் கதையும்

அக்காவின் பரிசோதனை அறிக்கை ஒரே ஒரு பக்கம்தான். பெயர், வயது, மாதிரி எடுத்த திகதி ஆகியவை பாதிப் பக்கத்தைப் பிடித்திருந்தன. கீழே ஒரு வரி: 46, எக்ஸ்எக்ஸ், டி(9;22)(கியூ34;கியூ11). அதன் கீழ், பரிசோதித்த கலங்கள் இருபது என்றும் இருபதிலும் இதே மாற்றம் காணப்பட்டது என்றும் எழுதப்பட்டிருந்தது. கடைசியில் வாசிக்க முடியாத ஒரு கையொப்பம்.

நான் இருபத்தேழு வருடங்கள் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பித்தவள். மனிதருக்கு இருபத்து மூன்று சோடி நிறமூர்த்தங்கள் என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் அந்த வரியை என் சொந்த அக்காவின் பெயருக்குக் கீழே கண்டபோது, எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையைப் போலத்தான் வாசித்தேன். 46 என்றால் எண்ணிக்கை சரி. எக்ஸ்எக்ஸ் என்றால் பெண். அடுத்து வரும் 'டி' இடப்பெயர்வைக் குறிக்கும். 9ஆம் நிறமூர்த்தத்தின் நீளமான கையும் 22ஆம் நிறமூர்த்தத்தின் நீளமான கையும் உடைந்து, துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இடப்பெயர்வு எங்களுக்குப் புதிய சொல் அல்ல. அது ஒரு கலத்துக்குள்ளும் நடக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, வீட்டில் கண்டதில்லை.

"என்னெண்டடி எழுதியிருக்கு?" என்று அக்கா கேட்டா. சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உடைஞ்சது திருப்பி ஒட்டியிருக்கெண்டால் நல்லதுதானே?" என்றா. ஒட்டிய இடம் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வைத்தியர் வேறு விதமாகச் சொன்னார். "ரீச்சர், இரத்தப் புற்றுநோயில எத்தனையோ வகை இருக்கு. இந்த வரி வந்தது ஒரு வகையில ஆறுதல். இதுக்குக் குளிசை இருக்கு."

அந்த வரியைக் கையில் எடுக்க எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. முதல் தடவை இடுப்பெலும்பிலிருந்து எடுத்த என்பு மச்சை, இடையில் வந்த போயா விடுமுறையும் வார இறுதியுமாக எங்கேயோ தங்கிவிட்டது. கொழும்பிலிருந்து 'கலங்கள் வளரவில்லை' என்று பதில் வந்தது. அக்கா மறுபடியும் குப்புறப்படுத்து அந்த ஊசியைத் தாங்க வேண்டியிருந்தது. இந்தப் பரிசோதனைக்கு உயிருள்ள கலங்கள் வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில்தான் வாசிக்கத் தொடங்கினேன். யார் இந்த நிறமூர்த்தங்களைப் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள், இந்த வரியை முதலில் கண்டுபிடித்தது யார் என்று தேடியபோது சிக்காகோ நகரில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் வந்து சேர்ந்தேன். பெயர் ஜெனட் ரௌலி.

கலத்தை நடுவழியில் நிறுத்துவது

ரௌலியின் கதைக்கு முன், அவருடைய தொழில் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். கலமரபியல் எனப்படுவது நிறமூர்த்தங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து வாசிக்கும் துறை. அதில் ஒரு கிளை புற்றுநோய்க் கலங்களை மட்டும் பார்க்கிறது.

நிறமூர்த்தங்கள் எந்நேரமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கலம் இரண்டாகப் பிரியும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவை சுருண்டு தடித்துத் தனித்தனியாகத் தெரியும். ஆகவே என்பு மச்சையை உறையாதிருக்க ஹெப்பாரின் இட்ட குழாயில் கொண்டுவந்து, 37 பாகை வெப்பத்தில் ஓரிரு நாள் வளர்க்கிறார்கள். வரும் வழியில் கலங்கள் இறந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அக்காவின் முதல் மாதிரிக்கு நடந்தது அதுதான்.

வளரும் கலங்களைப் பிரிவின் நடுவில் அப்படியே நிறுத்த ஒரு நஞ்சு வேண்டும். அதற்குக் கொல்சிசின் என்ற பொருளையோ அதன் உறவான கொல்செமிட்டையோ இடுகிறார்கள். கொல்சிசின் எங்களுக்கு அந்நியமானது அல்ல. வேலியில் படர்ந்து மழைக்காலத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் கார்த்திகைப் பூச்செடியின் கிழங்கில் இருப்பதும் இதே நஞ்சுதான். அந்தக் கிழங்கை உண்டவர்கள் இறந்துபோவதும், ஆய்வுகூடத்தில் கலம் பிரிய முடியாமல் நின்றுபோவதும் ஒரே காரணத்தால்தான். பிரியும் கலத்தில் நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்ணிழைகள் உருவாக விடாமல் அது தடுத்துவிடுகிறது.

பிறகு செறிவு குறைந்த உப்புக் கரைசலில் கலங்களை ஊதச் செய்து, மெதனோலும் அசற்றிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்த திரவத்தில் நிலைப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் துளித்துளியாக விடுகிறார்கள். கலம் விரிந்து நிறமூர்த்தங்கள் பரவுகின்றன. டிரிப்சின் என்ற நொதியத்தால் சிறிது பதப்படுத்தி, கீம்சா என்ற சாயத்தை இட்டால் ஒவ்வொரு நிறமூர்த்தத்திலும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தோன்றும். எந்த இரண்டு வகைக்கும் ஒரே பட்டை அமைப்பு கிடையாது. அந்தப் பட்டைகளைப் பார்த்து, இது 9, இது 22, இந்தத் துண்டு இங்கே இருக்கக் கூடாதது என்று சொல்லத் தெரிந்தவர்தான் அந்தக் கையொப்பத்துக்கு உரியவர். வழக்கமாக ஒரு நோயாளிக்கு இருபது கலங்களை இப்படி வாசிக்கிறார்கள். நோயாளி அவரைக் காண்பதில்லை. அவரும் நோயாளியைக் காண்பதில்லை.

மூன்று இடங்கள் மட்டும்

ஜெனட் டேவிசன் 1925 ஏப்ரல் 5ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தார். சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் சிக்காகோவுக்குச் சென்றது. தாய் ஆசிரியை. பதினைந்தாவது வயதில், 1940இல், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் விசேட திட்டமொன்றில் புலமைப்பரிசிலுடன் சேர்ந்தார்.

1944இல் மருத்துவக் கல்வியில் சேரத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது பத்தொன்பது. ஆனால் 65 பேர் கொண்ட வகுப்பில் பெண்களுக்கு ஒதுக்கிய இடங்கள் மூன்று மட்டும். அந்த மூன்றும் நிரம்பியிருந்தன. அடுத்த வகுப்பு தொடங்கும் வரை ஒன்பது மாதங்கள் காத்திருந்தார். 1948இல் வைத்தியரானார். பட்டம் பெற்ற மறுநாள் டொனால்ட் ரௌலி என்ற சக வைத்தியரைத் திருமணம் செய்தார். நான்கு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள்.

பிள்ளைகள் வளரும் வரை அவர் முழுநேர வேலை பார்க்கவில்லை. கிழமையில் சில நாள் மட்டும் கிளினிக்குகளில் வேலை. 1955 முதல் சிக்காகோவில் மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான நிலையமொன்றில் பணியாற்றினார். அங்கு வந்த பிள்ளைகளில் டவுன் நோய்க்குறி உள்ளவர்களும் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் நிறமூர்த்தவியல் விழித்துக்கொண்டது. மனிதருக்கு 48 நிறமூர்த்தங்கள் என்றே முப்பது வருடங்களுக்கு மேல் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோவும் சுவீடனைச் சேர்ந்த அல்பர்ட் லெவானும் 1956இல் அது 46 என்று காட்டினார்கள். 1959இல் பரிசில் லெஜோன், கோத்தியே, துர்ப்பான் ஆகிய மூவரும் டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளிடம் 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருப்பதை அறிவித்தார்கள். தான் நாள்தோறும் பார்க்கும் பிள்ளைகளின் நோய்க்குக் காரணம் நுணுக்குக்காட்டியில் தெரியக்கூடிய ஒன்று என்பது ரௌலியின் கவனத்தைப் பிடித்தது.

1961இல் கணவருக்கு ஒக்ஸ்போர்டில் ஒரு வருட ஆய்வு விடுமுறை கிடைத்தது. பிள்ளைகளோடு அவரும் சென்றார். சும்மா இருக்காமல் அங்கிருந்த ஆய்வுகூடமொன்றில் நிறமூர்த்தங்களை ஆராயக் கற்றுக்கொண்டார். 1962இல் திரும்பி வந்ததும் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் குருதி நோய் நிபுணரான லியோன் ஜேக்கப்சனிடம் சென்று வேலை கேட்டார். கேட்ட விதம் எனக்குப் பிடித்தது. இங்கிலாந்தில் தொடங்கிய வேலையை முடிக்க வேண்டும், ஒரு நுணுக்குக்காட்டியும் இடமும் வேண்டும், பகுதி நேரமாகத்தான் வருவேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுக்கும் அளவுக்காவது சம்பளம் வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. ஜேக்கப்சன் சம்மதித்தார். லியூகேமியா நோயாளிகளின் நிறமூர்த்தங்களைப் பார்க்கச் சொன்னதும் அவர்தான்.

எல்லாம் ஒரே நிறம்

அடுத்த பத்து வருடங்களில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். சாதனையாளர்களைப் பற்றி எழுதும்போது இந்தப் பகுதியைத்தான் நாங்கள் வழக்கமாகத் தவிர்த்துவிடுகிறோம்.

அப்போதைய சாயங்களில் நிறமூர்த்தம் முழுவதும் ஒரே நிறமாகத் தெரிந்தது. நீளத்தையும் இடையில் உள்ள ஒடுக்கத்தையும் வைத்துக் கூட்டங்களாகப் பிரிக்கலாமே தவிர, ஒரே அளவுள்ள இரண்டை வேறுபடுத்தவே முடியாது. ஒரு துண்டு குறைந்தால் தெரியும். அது எங்கே போனது என்று தெரியாது.

இதற்கு நல்ல உதாரணம் பிலடெல்பியா நிறமூர்த்தம். பிலடெல்பியா நகரில் பீட்டர் நொவெல் என்ற வைத்தியர் லியூகேமியாக் கலங்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவியபோது அவை ஊதி நிறமூர்த்தங்கள் பரவித் தெரிவதைத் தற்செயலாகக் கண்டார். டேவிட் ஹங்கர்போர்ட் என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து தேடியபோது, நாட்பட்ட மைலோயிட் லியூகேமியா நோயாளிகளின் கலங்களில் வழமைக்கு மாறான சிறிய நிறமூர்த்தம் ஒன்று திரும்பத் திரும்பத் தென்பட்டது. 1960இல் அதை அறிவித்தார்கள். ஒரு குறிப்பிட்ட புற்றுநோயோடு நிலையாகச் சேர்ந்துவரும் நிறமூர்த்த மாற்றம் கண்டறியப்பட்டது அதுவே முதல் தடவை. ஒரு துண்டு தொலைந்துபோய்விட்டது என்றே பலரும் எண்ணினார்கள். பிற புற்றுநோய்களில் இப்படி நிலையான மாற்றம் எதுவும் கிடைக்காததால், நிறமூர்த்தக் குழப்பங்கள் புற்றுநோயின் விளைவே தவிரக் காரணமல்ல என்ற கருத்தே மேலோங்கி நின்றது.

1970இல் ரௌலி குடும்பம் மீண்டும் ஒரு வருடம் ஒக்ஸ்போர்டுக்குச் சென்றது. சுவீடனில் காஸ்பர்சனும் செக்கும் உருவாக்கியிருந்த புதிய முறை அப்போது பரவிக்கொண்டிருந்தது. குவினக்ரின் என்ற பொருளால் சாயமிட்டு ஊதாக்கடந்த ஒளியில் பார்த்தால் நிறமூர்த்தங்கள் பட்டை பட்டையாக ஒளிர்ந்தன. முதல் தடவையாக ஒவ்வொரு நிறமூர்த்தத்துக்கும் ஒரு முகம் கிடைத்தது. ரௌலி அந்த முறையைக் கற்றுக்கொண்டு சிக்காகோ திரும்பினார்.

1972

நுணுக்குக்காட்டியில் எடுத்த படங்களை அச்சிட்டு, நிறமூர்த்தங்களைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, சோடி சேர்த்து வரிசைப்படுத்த வேண்டும். பொறுமை வேண்டும், பெரிய மேசை வேண்டும். வீட்டிலிருக்கும் நாட்களில் ரௌலி அதை உணவு மேசையில் வைத்துச் செய்தார். அம்மா கடதாசிப் பொம்மை வெட்டி விளையாடுகிறா என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம்.

1972இல், அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடும் மைலோயிட் லியூகேமியா நோயாளிகளின் கலங்களில் 8ஆம் நிறமூர்த்தத்துக்கும் 21ஆம் நிறமூர்த்தத்துக்கும் இடையில் துண்டுகள் கைமாறியிருப்பதைக் கண்டார். அதே வருடத்தில் பிலடெல்பியா நிறமூர்த்தம் உள்ள நோயாளிகளின் படங்களைப் பரப்பினார். 22ஆம் நிறமூர்த்தம் குட்டையாக இருந்தது. அது பழைய செய்தி. புதிய செய்தி 9ஆம் நிறமூர்த்தத்தின் நுனியில் இருந்தது. அங்கே இருக்கக் கூடாத சிறு துண்டொன்று மேலதிகமாக ஒட்டியிருந்தது. அளவு பொருந்தியது. அடுத்த நோயாளியிலும் அப்படியே. அதற்கடுத்தவரிலும் அப்படியே. பன்னிரண்டு வருடங்களாகத் தொலைந்ததாக எண்ணியிருந்த துண்டு தொலையவில்லை. அது இடம்பெயர்ந்திருந்தது.

1973 ஜூனில் 'நேச்சர்' சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று. அப்போது அவருக்கு வயது 48.

உலகம் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ரௌலி வாதாடுவதைவிடப் பார்ப்பதையே தொடர்ந்தார். 1977இல் கடும் புரோமைலோசிற்றிக் லியூகேமியாவில் 15க்கும் 17க்கும் இடையிலான இடப்பெயர்வை அவருடைய குழு விளக்கியது. ஒவ்வொரு வகை நோய்க்கும் அதற்கே உரிய உடைப்பும் ஒட்டும் இருந்தால் அதைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது? 1990 அளவில் பல்வேறு புற்றுநோய்களில் எழுபதுக்கும் மேற்பட்ட இடப்பெயர்வுகள் உலகெங்கும் கண்டறியப்பட்டிருந்தன. விளைவா காரணமா என்ற கேள்வி அத்துடன் ஓய்ந்தது.

ஒட்டிய இடம் ஏன் பிழை

அக்காவின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். 9ஆம் நிறமூர்த்தத்தில் ஏபிஎல் என்ற மரபணு இருக்கிறது. கலம் எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதில் அதன் புரதத்துக்குப் பங்குண்டு. வழமையில் அது கட்டுப்பாட்டோடு வேலை செய்யும். உடைந்த துண்டோடு சேர்ந்து அது 22ஆம் நிறமூர்த்தத்துக்குப் போய் அங்கிருக்கும் வேறொரு மரபணுவின் பாதியோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு பாதிகளும் சேர்ந்து, உடலில் முன்பு இல்லாத ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புரதத்துக்கு ஓய்வென்பதே கிடையாது. ஆளி போட்டபடியே இறுகிவிட்ட மின்குமிழ் போல, 'பிரி, பிரி' என்று கலத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வெண்குருதிக் கலங்கள் பெருகுகின்றன. மண்ணீரல் வீங்குகிறது. அக்காவுக்கு முதலில் தெரிந்தது களைப்பும் இடப்பக்க வயிற்றில் ஒரு பாரமும்தான்.

இந்த மூலக்கூற்று விபரங்களை 1980களில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து கண்டறிந்தார்கள். எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்பதை அவர்களுக்குக் காட்டியது ரௌலியின் படம்.

ஒரு புரதம்தான் குற்றவாளி என்றால், அதை மட்டும் அடைக்க முடியாதா? மருந்து நிறுவனத்தில் இருந்த நிக்கலஸ் லைடனும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த வைத்தியர் பிரையன் ட்ரக்கரும் அந்தக் கேள்வியின் பின்னால் சென்றார்கள். விளைந்தது இமட்டினிப் என்ற மருந்து. 1998இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 2001இல் வெளியான முதல் அறிக்கையின்படி, நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் எடுத்த 54 பேரில் 53 பேருக்குக் குருதிக் கணக்கு வழமைக்குத் திரும்பியது. அதே வருடம் மே மாதம் அமெரிக்கா அனுமதி வழங்கியது. அதற்கு முன் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை கிடைக்காத பெரும்பாலானவர்கள் சில வருடங்களிலேயே இறந்துபோனார்கள். இமட்டினிப்பில் தொடங்கியவர்களைத் தொடர்ந்து அவதானித்த பெரிய ஆய்வில், பத்து வருடங்களின் பின் 83 வீதத்தினர் உயிரோடிருந்தார்கள்.

விலை பெரும் தடையாக இருந்தது. இந்தியாவில் இதன் காப்புரிமை விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நிராகரிக்கப்பட்டு, வழக்காகி, 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. அதனால் அங்குள்ள நிறுவனங்கள் மலிவான விலையில் இதைத் தொடர்ந்து தயாரிக்க முடிந்தது. அக்காவின் குளிசைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதும் ஓர் இந்திய முகவரிதான்.

15க்கும் 17க்கும் இடையிலான அந்த மற்ற இடப்பெயர்வின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. அந்த நோயாளிகள் இரத்தம் பெருகித் திடீரென இறந்துபோவார்கள். 1980களில் சாங்காய் நகரில் வாங் சென்யீ என்ற வைத்தியர், விற்றமின் ஏயின் உறவான ஒரு மருந்தை அவர்களுக்குக் கொடுத்துக் குணமாக்கிக் காட்டினார். ஒரு காலத்தில் மிகக் கொடியதாக இருந்த அந்த லியூகேமியா இன்று பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது. ஆனால் நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் கண்டுபிடிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் அந்த மாதிரி வந்தால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அதைத்தான் பார்ப்பார்கள்.

இன்று அந்த வேலை

கத்தரிக்கோலும் கடதாசியும் போய்விட்டன. கணினித் திரையில் நிறமூர்த்தங்களை இழுத்துச் சோடி சேர்க்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட மரபணுவில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் துணுக்கை இட்டு, சிவப்பும் பச்சையும் அருகருகே வந்தால் இடப்பெயர்வு உண்டு என்று பிரியாத கலத்திலும் சொல்லிவிட முடிகிறது. கொவிட் காலத்தில் எல்லோரும் அறிந்துகொண்ட பி.சி.ஆர். முறையால், சிகிச்சை தொடங்கியபின் நோய் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைச் சாதாரணக் குருதியிலிருந்தே அளக்கலாம். அக்காவுக்கு இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பரிசோதனை நடக்கிறது. ஊசி கையில்தான், இடுப்பெலும்பில் அல்ல.

ஆனாலும் முழு நிறமூர்த்தத் தொகுதியையும் ஒரு மனிதக் கண் பார்ப்பது தேவையற்றுப் போய்விடவில்லை. நாங்கள் தேடும் ஒன்றைத்தான் மற்றப் பரிசோதனைகள் காட்டும். தேடாத ஒன்று இருந்தாலும் கண்டுகொள்வது நிறமூர்த்தங்களை வாசிப்பவரின் வேலை.

இத்துறைக்கு வர ஒரே வழி மருத்துவபீடம் அல்ல. அமெரிக்காவில் இத்தகைய ஆய்வுகூடத்தை நடத்துபவர் வைத்தியராகவோ கலாநிதிப் பட்டம் பெற்ற விஞ்ஞானியாகவோ இருக்கலாம். அதன்பின் விசேட பயிற்சியும் சபைப் பரீட்சையும் உண்டு. பிரித்தானியாவில் விஞ்ஞானப் பட்டதாரிகளுக்கு மூன்று வருடப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. கலங்களை வளர்த்து, சாயமிட்டு, முதலில் வாசிப்பவர்கள் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஒரு பட்டப்படிப்பாக இருக்கிறது. மருத்துவம் கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டு வந்த எத்தனையோ மாணவிகளுக்கு நான் ஆறுதல் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

அவருக்குக் கிடைத்தது

ரௌலிக்கு விருதுகள் பின்னால் வந்தன. 1998இல் நொவெலோடும் அல்பிரட் நட்சனோடும் லாஸ்கர் விருது. அதே வருடம் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானப் பதக்கம். 2009இல் ஜனாதிபதி ஒபாமாவின் கையால் சுதந்திரப் பதக்கம். 2012இல் ட்ரக்கரோடும் லைடனோடும் ஜப்பான் பரிசு. நோபல் பரிசு கிடைக்கவில்லை. முதுமையிலும் சைக்கிளில் ஆய்வுகூடத்துக்குப் போய்வந்தார். 2013 டிசம்பர் 17ஆம் திகதி, 88ஆவது வயதில், சூலகப் புற்றுநோயின் விளைவுகளால் காலமானார்.

இந்தக் கதையைப் பெறாமகளுக்குச் சொன்னேன். அக்காவின் மூத்த மகள், ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்தவள். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டாள். ஐந்து வருடமாகிறது. 'இனி எங்கை' என்பதுதான் அவள் அடிக்கடி சொல்லும் சொல். நாற்பத்தேழு வயதில் உணவு மேசையில் கண்டுபிடித்த பெண்ணைப் பற்றிச் சொன்னால் அவளுக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "சின்னம்மா, அவவுக்கு அந்த ஆள் நுணுக்குக்காட்டி குடுத்தவர். பிள்ளை பாக்கிற ஆளுக்குச் சம்பளமும் குடுத்தவர். எனக்கு ஆர் குடுப்பினம்?"

அவள் சொன்னது சரி. ரௌலியின் வாழ்க்கையைப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று மட்டும் எழுதிவிட்டால் அது பாதி உண்மை. கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் நிலையான வேலை இருந்தது. பகுதி நேரமாக வருபவரையும் ஆய்வாளராக மதித்த ஒரு தலைவர் இருந்தார். பத்து வருடம் பெரிய முடிவு எதுவும் வராதபோதும் இடத்தைப் பறிக்காத ஒரு நிறுவனம் இருந்தது. ஒன்பது மாதம் காக்க வைத்த அதே பல்கலைக்கழகம்தான் பின்னர் அந்தக் கதவைத் திறந்துவைத்தது. எங்கள் வைத்தியசாலைகளிலோ ஆய்வுகூடங்களிலோ கிழமைக்கு மூன்று நாள் வேலை என்று ஒரு பதவியை நான் கண்டதில்லை. முழுநேரமாக வா, இல்லையென்றால் வீட்டில் இரு என்பதுதான் இங்கே கணக்கு. வீட்டிலிருப்பவர்களில் எத்தனை கண்கள் நிறமூர்த்தம் பார்க்கப் பழகியவை என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதேவேளை வடக்கிலிருந்து எடுத்த மாதிரி கொழும்புக்குப் போகும் வழியில் இறந்துபோகிறது.

அக்கா குளிசை தொடங்கி ஒன்றரை வருடமாகிறது. இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. ஆரம்பத்தில் வயிற்றைப் பிரட்டியது, கண்ணிமை வீங்கியது. பிறகு பழகிவிட்டது. கடைசி அறிக்கையில் அந்தப் பிழையான மரபணு அளக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. அதற்காகக் குளிசையை நிறுத்தக் கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

போன கிழமை பெறாமகள் தொலைபேசியில் கேட்டாள்: "சின்னம்மா, அந்த முதல் அறிக்கையின்ரை படத்தை ஒருக்கா அனுப்புங்கோ. பட்டையள் தெரியுதோ எண்டு பாக்கவேணும்." அறிக்கையில் படம் இல்லை, எழுத்து மட்டும்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "படமும் வைச்சிருக்கலாம்" என்றாள். அது தொழில் தெரிந்தவளின் குறை. கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.